பழகிய கை யாருடையது?

கரைவலை இழுப்பதைப் பார்க்க வருகிறவர்களின் கண் கடலில்தான் நிற்கும். வலையின் மடி எப்போது மேலே வரும், உள்ளே என்ன இருக்கும் என்ற ஆவல் அப்படி. ஆனால் வலையின் விதி பெரும்பாலும் மணலில்தான் தீர்மானமாகிறது, கயிற்றோடு பின்னேறும் கால்களில்.

கண்டக்குழி இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கிறது. ஒரு புறம் புத்தளம் களப்பு, மறு புறம் திறந்த கடல், நடுவே மணல். மே மாதம் தொடங்கித் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது இங்கே கைட் சர்ஃபிங் செய்ய வெளிநாட்டவர் வந்து நிறைகிறார்கள். அந்தக் காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்கள் இந்தக் கரையோரத்தில், தெற்கே உடப்பு வரைக்கும், கரைவலைக்கு உரியவை.

வள்ளம் ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் புறப்படும். கயிறு, வலையின் ஒரு கை, நடுவிலுள்ள மடி, மற்றக் கை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறக்கியபடி வளைந்து வந்து, இரண்டாவது கயிற்றின் நுனியைச் சற்றுத் தொலைவில் கரையேற்றும். அதன் பிறகு வேலை இரண்டு அணிகளுடையது. இழுக்கிறவர் ஒவ்வொருவரும் இடுப்பில் சுற்றிய சிறு கயிற்றைப் பெருங்கயிற்றில் மாட்டி, உடலின் பாரத்தைப் பின்னே சாய்த்து, குதிகால் மணலில் புதையப் புதைய ஓரடி ஓரடியாகப் பின்னேறுவார். மேட்டுக்கு வந்துவிட்ட கடைசி ஆள் தன் சிறு கயிற்றைக் கழற்றிக்கொண்டு நீர் விளிம்புக்கு நடந்துபோய் முதல் ஆளாக மாட்டிக்கொள்வார். வரிசை அப்படியே இருக்கும், அதிலுள்ள ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஓர் அணி மற்றதை முந்தினால் வலை கோணும், கோணிய பக்கத்தால் மீன் போய்விடும். இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் வேலை களைப்பைப் போக்குவது மட்டுமல்ல. பல உடல்களுக்கு ஒரே அடியை வைத்துக் கொடுப்பதும் அதுதான்.

இந்த வேலையை நடத்துகிறவர் மண்டாடி. தண்ணீரின் நிறத்தையும் பறவைகள் விழும் இடத்தையும் பார்த்து மீன் கூட்டத்தை அறிகிறவர். இந்தப் பக்கம் விரைவு, அந்தப் பக்கம் நிதானம் என்று கையாலும் குரலாலும் சொல்கிறவர். ஒரு நல்ல இழுப்புக்குப் பிறகு மீனைப் பங்கு வைப்பதற்கு ஊர் வழக்கம் இருக்கிறது: வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, மண்டாடிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு. மீன் பிரிந்துவிடுகிறது. மடி கோணாமல் வந்ததே, அந்தச் செயல் யாருடையது? சொல்லிக் கொடுத்தவருடையதா, இழுத்தவர்களுடையதா? இழுத்தவர்களுடையது என்றால், அவர்களுடைய காலுக்கு அந்த அடியைப் பழக்கியவரை என்ன செய்வது? பழக்கியவருடையது என்றால், மணலில் குதிகாலைப் புதைத்தவன் வெறும் கருவியா?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பும் இன்னொரு வரிசை உலகின் மறுபக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். பந்தை எறிகிறவரையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரையும் முழு நாடும் பெயர் சொல்லி அறியும். அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட் இருவர், விளிம்புகளில் டேக்கிள் இருவர். இந்த ஐவருக்கும் ஆஃபென்சிவ் லைன் என்று பெயர், தாக்குதல் அணியின் முன்வரிசை. எதிரணியின் பாய்ச்சலைத் தாங்கி நிறுத்துவதும், ஓடுகிறவருக்கு வழி திறப்பதும் இவர்கள் வேலை. வழக்கமான ஆட்டத்தில் எறியப்படும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு உரிமை கிடையாது. ஆட்டத்தைத் தொடங்க சென்டர் பந்தைப் பின்னால் தள்ளுவதோடு பந்துக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய முடிந்துவிடும். சரியாகச் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. தவறினால் ஒலிபெருக்கியில் இலக்கத்தைச் சொல்வார்கள்.

உடல் வலிமைதான் இந்த வேலை என்று தோன்றும். பயிற்றுவிப்பாளர்கள் அப்படி நினைப்பதில்லை. முதல் அடியை எத்தனை அங்குலம் எடுத்து வைப்பது, கை எதிராளியின் மார்பில் எந்த இடத்தில் எந்தக் கணத்தில் பட வேண்டும், இடுப்பு எவ்வளவு தாழ வேண்டும் என்று வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள். எல்லாவற்றிலும் அருமையானது இருவர் சேர்ந்து செய்யும் தடுப்பு. இடுப்போடு இடுப்பு ஒட்டி நின்று ஒரே எதிராளியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், இருவரின் கண்ணும் அவனுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் எதிராளி மேல். அவன் எந்தப் பக்கம் வருகிறானோ அந்தப் பக்கத்தவர் மட்டும் பிரிந்து அவனை எதிர்கொள்ள, மற்றவர் முதலாமவனைத் தனியே தாங்கிக்கொள்வார். இவ்வளவும் இரண்டு மூன்று வினாடிக்குள். பேசிக்கொள்ள நேரமில்லை.

2018 ஆம் ஆண்டு பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வின் ஏழாவது, கடைசிச் சுற்றில், 233 ஆவது ஆளாக ஜோர்டன் மைலாட்டாவை எடுத்தது. சிட்னியின் பாங்ஸ்டவுனில் சமோவாப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஆறடி எட்டு அங்குல உயரம், 150 கிலோவுக்கும் மேலான உடல். விளையாடியது றக்பி லீக். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஈகிள்ஸின் முன்வரிசைப் பயிற்றுவிப்பாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் கையில் அவர் ஒப்படைக்கப்பட்டார். எப்படி நிற்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு பருவங்களில் அவர் ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. 2020 இல்தான் முதல் தொடக்க வாய்ப்பு வந்தது. அதன் பின் இடது டேக்கிள் இடம் அவருடையதாயிற்று. பந்தெறிகிறவரின் கண்ணுக்குப் படாத பக்கத்தைக் காப்பதால் ஐந்து இடங்களிலும் அதிக நம்பிக்கையைக் கேட்கும் இடம் அது. 2024 பருவத்தில் இந்த வரிசையின் பின்னால் ஓடிய சாக்வன் பார்க்லி 2,005 யார் தூரம் ஓடினார். 2025 பெப்ரவரி 9 அன்று அதே அணி கன்சாஸ் சிட்டியை 40க்கு 22 என்று வென்று, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை எடுத்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரரும் தம் பெயரையும் படித்த பல்கலைக்கழகத்தையும் சொல்வார். மைலாட்டா எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்த ஆட்டத்தைப் படித்தவரல்லர். அவர் சொன்னது: ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல்லில் இருந்த நன்றி சிரிப்புக்குரியதல்ல. தன்னை ஆக்கியவர் யார் என்று கேட்டால், பிறந்த ஊரையோ படித்த இடத்தையோ சொல்லாமல் ஒரு மனிதரின் பெயரைச் சொல்கிற நிலை அது. நம் மரபில் குருவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிற வித்துவானின் நிலை.

அப்படியானால் மைலாட்டாவின் தடுப்பு ஸ்டவுட்லண்டின் தடுப்புத்தானா? அப்படிச் சொல்லத் தூண்டும் சான்றுகள் நிறைய. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் முன்வரிசையைப் பல்லாண்டுகள் பழக்கிய டான்டே ஸ்கார்னெக்கியா 2013 பருவத்தோடு ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில் டென்வரில் நடந்த அரையிறுதியில், அந்த அணியின் பந்தெறிகிறவரான டாம் பிரேடி இருபது தடவை அடிபட்டார். ஸ்கார்னெக்கியாவைத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த பருவமே அணி சூப்பர் பவுல் வென்றது. இதே மனிதர்தான், பல்கலைக்கழகத்தில் உதைபந்தாட்டமே ஆடாத, 1999 இன் உலக மல்யுத்தச் சம்பியனான ஸ்டீபன் நீலை ஒரு கார்டாக ஆக்கியவர். இன்னும் பின்னே போனால், வொஷிங்டன் அணியில் ஜோ பூகல் 1982 இல் ‘ஹாக்ஸ்’ என்று பெயரிட்டு வளர்த்த வரிசை. அதில் இருந்த ஜோ ஜாக்கபியையும் ஜெஃப் பாஸ்டிக்கையும் தெரிவு நிகழ்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. அந்தப் பருவத்தின் முடிவில் அவர்களுக்குப் பின்னால் ஓடிய ஜான் ரிகின்ஸ் 166 யார் தூரம் ஓட, வொஷிங்டன் சூப்பர் பவுல் வென்றது.

இவற்றை அடுக்கிப் பார்க்கிறவர் எல்லாப் புகழையும் பயிற்றுவிப்பாளர் பக்கம் தள்ளிவிடுவார். இமாம் கஸ்ஸாலி அந்த இடத்தில் குறுக்கே நிற்கிறார். 1058 இல் பிறந்து 1111 இல் மறைந்த அவர், ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் மனத்தைப் பழக்குவது பற்றி ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். குணத்தை மாற்றவே முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அவர் தரும் விடை: மாற்ற முடியாதென்றால் உபதேசத்துக்கும் ஒழுக்கப் பயிற்சிக்கும் பொருளே இல்லை, முரட்டுக் குதிரைகூடப் பழக்கத்தால் அடங்குகிறதே. கூடவே ஓர் உவமையும் தருகிறார். பேரீச்சங்கொட்டை இப்போது ஈச்சமரமும் அல்ல, ஆப்பிளும் அல்ல. பேணி வளர்த்தால் ஈச்சமரம் ஆகும். எவ்வளவு பேணினாலும் ஆப்பிள் ஆகாது. நீலின் மல்யுத்தத்தை ஸ்கார்னெக்கியா உண்டாக்கவில்லை. எதிராளியின் பாரம் எந்தக் கணத்தில் எந்தக் காலுக்கு மாறுகிறது என்று கையால் உணரும் அறிவு நீலிடம் ஏற்கெனவே இருந்தது. மைலாட்டாவின் உடலும் ஸ்டவுட்லண்ட் தந்ததல்ல. கொட்டை வேறு, தோட்டக்காரர் வேறு என்று பிரித்துவிட்டார் கஸ்ஸாலி. கட்டிக் கட்டித்தான் ஒருவன் கட்டடக்காரன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதன் பக்கத்தில் வைக்கத்தக்கது. மேஸ்திரி எத்தனை காட்டினாலும் கல்லை எடுத்து வைக்க வேண்டியது மாணவனின் கை.

ஆயினும் பிரித்து வைப்பதோடு கேள்வி தீரவில்லை. கொட்டையும் தோட்டக்காரரும் வேறு என்பது சரி. மரம்?

இங்கேதான் சைவ சித்தாந்தம் மற்றவர்கள் தொடாத ஓர் இடத்தைத் தொடுகிறது என்று தோன்றுகிறது. மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களாகத் தந்த ‘சிவஞானபோதம்’ உயிரைப் பற்றி ஒரு நுட்பமான நிலையை எடுக்கிறது. உயிர் சடப்பொருளும் அல்ல, தானாகவே எல்லாம் அறிவதும் அல்ல. அது சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது, பக்கத்திலுள்ள நிறத்தை ஏற்கும் பளிங்கு போல. ஆணவத்தோடு சேர்ந்தால் அதன் வண்ணம், சிவத்தோடு சேர்ந்தால் இதன் வண்ணம். பளிங்கு என்றதும் உயிர் வெறுமனே ஏற்கும் பாத்திரமென்று நினைத்துவிடக் கூடாது. சித்தாந்திகள் உடனே கண்ணைக் கொண்டுவருகிறார்கள். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஒளி இல்லாமல் அது பார்க்காது. அதற்காகக் கதிரவன் கண்ணுக்குப் பதிலாகப் பார்ப்பதில்லை.

அதோடும் அவர்கள் நிறுத்தவில்லை. இறைவன் உயிருக்குச் செய்யும் உதவியை இரண்டாகச் சொல்கிறார்கள்: காட்டும் உபகாரம், காணும் உபகாரம். பொருளைக் காட்டுவது ஒன்று. காட்டிவிட்டு விலகாமல், உயிர் காணும்போது உடனிருந்து தானும் காண்பது மற்றொன்று. உயிரின் காட்சி உயிருடையதாகவே இருக்கும், ஆனால் தனியாக நிகழாது. கல்விக்கும் பயிற்சிக்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. காட்டுவதோடு நின்றுவிடுகிற ஆசிரியர்கள் ஏராளம். மாணவனின் கண்ணுக்குள் நின்று கூடவே பார்க்கிறவர்கள் சிலரே. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், அரங்கேற்ற இரவில் மத்தளத்தோடு களரியில் நிற்பது இதற்காகத்தான். ஆடுகிறவனின் அடுத்த அடி அவர் கண்ணில் முன்பே விழுந்துவிடுகிறது. ஆடுவதோ அவன்.

அமெரிக்க முன்வரிசையில் இந்த உடனிருப்பை ஒரு சோதனையில் பார்க்கலாம். பயிற்றுவிப்பாளரின் சொல்லைக் கேட்கும் வானொலிக் கருவி தாக்குதல் அணியில் பந்தெறிகிறவரின் தலைக்கவசத்தில் மட்டுமே இருக்கும், அதுவும் ஆட்டம் தொடங்குமுன் நின்றுபோகும். முன்வரிசை ஐவருக்கு அது கிடையாது. எதிரணியின் ஊரில் அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கில், பின்னால் நிற்பவரின் குரல்கூட அவர்களுக்கு எட்டாது. அப்போது ஒரு மௌன முறையைக் கையாள்கிறார்கள். பந்தெறிகிறவரைத் திரும்பிப் பார்க்கும் கார்ட், சென்டரின் உடலைத் தட்டுவார். சென்டர் தலையை அசைப்பார். ஒரு கணக்கு. பந்து புறப்படும். பயிற்றுவிப்பாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்கிறார். அந்த மூன்று வினாடிக்கு அவரால் எதுவும் செய்ய முடியாது. அவர் பழக்கியது அனைத்தும் அங்கே இருக்கிறது, அவர் இல்லை. அந்த வினாடிகளில் செய்யப்படுவது செய்கிறவனுடையது என்பதில் ஐயமில்லை. அவருடையதும் அல்லவா என்று கேட்டால், அல்ல என்று சொல்லவும் நா எழாது.

கத்தோலிக்கருக்கும் இந்தச் சிக்கல் பழையது. கண்டக்குழிக்குத் தெற்கே தலவிலையில் அன்னம்மாள் திருத்தலம் இருக்கிறது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழாவுக்கு மக்கள் அந்த மணலில் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். மனிதன் செய்யும் நன்மை அவனுடையதா, அருளின் வேலையா என்று அவர்களுடைய திருச்சபை அகுஸ்தீனார் காலத்திலேயே கடுமையாக வாதாடியது. தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தந்த விடை, அதே நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் தந்த விடைக்கு வியப்பூட்டும் அளவு அருகில் நிற்கிறது. ஒரு செயலில் இவ்வளவு கடவுளுடையது, இவ்வளவு படைப்பினுடையது என்று பங்கு வைக்கக் கூடாது. முழுவதும் இவருடையது, முழுவதும் அவருடையதும் ஆகும், ஆனால் வெவ்வேறு விதத்தில். இது அவர் வாதத்தின் சாரம்.

பிழை எங்கே நிகழ்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. நாம் செயலையும் மீனைப் போலப் பங்கு வைக்கப் பார்க்கிறோம். ஒருவருக்கு ஒரு கூடை போனால் மற்றவருக்கு ஒரு கூடை குறையும் என்பது மீனின் கணக்கு. நன்மைக்கு வழிகாட்டியவருக்கு அதைச் செய்தவருக்குக் கிடைப்பது போன்ற கூலி உண்டு என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நேர்வழிக்கு அழைத்தவரைப் பற்றிய இன்னொரு ஹதீஸ் அதைத் திறந்தே சொல்கிறது: அவருக்குக் கிடைப்பதால் பின்பற்றியவர்களின் கூலியில் எதுவும் குறையாது. மைலாட்டாவின் தடுப்பை முழுவதும் ஸ்டவுட்லண்டுக்குக் கொடுத்தாலும் மைலாட்டாவிடம் அது முழுதாகவே எஞ்சும். தொலைக்காட்சியில் அவர் சொன்னதும் அதுவே. தன் பெயரை விட்டுக்கொடுத்து அவர் சொல்லவில்லை, தன் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

கற்பிட்டிப் பகுதியில் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் வந்து சேர்ந்தபோது பள்ளிவாசல்களின் வரிசைகள் இன்னும் நீண்டன. ஐவேளையும் தொழுகைக்கு முன் இமாம் திரும்பி நின்று ஸஃப்பைச் சீராக்கச் சொல்கிறார். தோளோடு தோள், இடைவெளி இல்லாமல். மூட்டை தூக்குகிறவரும் படகுச் சொந்தக்காரரும் ஒரே கோட்டில். ஸஃப் என்றால் வரிசை. நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இதைப் பற்றியது. நபிகள் அம்பை நேராக்குவது போல வரிசைகளை நேராக்கிவந்தார்கள். அதை நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று நபிகள் கண்டுகொள்ளும் வரை அப்படிச் செய்தார்கள் என்கிறார் நுஃமான். பிறகொரு நாள், தொழுகையைத் தொடங்கப் போன கணத்தில், ஒருவரின் மார்பு வரிசைக்கு வெளியே துருத்தி நிற்பதைக் கண்டு எச்சரித்தார்கள்.

பயிற்றுவிக்கிறவர்கள் இந்த அறிவிப்பில் நெடுநேரம் தங்கலாம். கற்றுக்கொள்ளும் வரை நேராக்கினார்கள் என்பதால், நேராக்குதலுக்கு ஒரு முடிவு உண்டு என்று தெரிகிறது. மாணவனை என்றென்றும் தன் கையின் கீழ் வைத்திருப்பதற்காக அது செய்யப்படவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்ட பின்னும் ஒரு மார்பு துருத்துகிறது, பார்க்கிற கண் விலகிவிடவில்லை. துருத்தியது ஒருவருடைய மார்பு, எச்சரிக்கையோ எல்லோருக்கும்: வரிசை கோணினால் உங்களுக்குள் பிளவு வரும் என்பது அதன் பொருள். ஐவர் வரிசையில் ஒருவர் தவறிய அடியில் பந்தெறிகிறவர் விழுகிறார். கரைவலையில் ஓர் அணி முந்தியதில் இரு அணிகளின் மீனும் போகிறது.

கூலி குறையாமல் இருவருக்கும் சேரும் என்றால், சுமையும் அப்படித்தான் சேர வேண்டும். இந்த இடம் கடினமானது. தீய வழக்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தவர், அதைப் பின்பற்றியவர்களின் சுமையையும் அவர்களுடையதில் குறையாமல் சுமப்பார் என்பதும் அதே ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ்தான்.

மைக் வெப்ஸ்டர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டராக நான்கு சூப்பர் பவுல் வென்றவர். ஒவ்வோர் ஆட்டத்திலும் அறுபது எழுபது முறை, ஒவ்வொரு பயிற்சியிலும் அதற்கு மேல், எதிரே நிற்பவனோடு தலை மோத எழுந்தவர். 2002 செப்டெம்பரில் ஐம்பது வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, உறங்க இடமில்லாமல் தன் வாகனத்திலேயே இரவுகளைக் கழித்தார். பிரேதப் பரிசோதனை செய்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையில் ஒரு நோயைக் கண்டு 2005 இல் எழுதினார். திரும்பத் திரும்பப் படும் அடிகளால் மூளை சிதையும் நோய், சுருக்கமாக சி.டி.ஈ. 2017 இல் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வுக்கு வந்த 111 முன்னாள் தேசிய உதைபந்தாட்ட லீக் ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110இல் இந்த நோய் இருந்தது. நோயை ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளை வழங்கியதால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் பொருந்தும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் வெப்ஸ்டர் தனியாள் அல்லர் என்று தெரிந்துவிட்டது. ஒரு பெரிய அடியைவிட, மயக்கமே வராத ஆயிரக்கணக்கான சிறு அடிகள் சேர்வது மூளையைக் கெடுக்கும் என்பதும் தெளிந்துகொண்டே வருகிறது. அப்படிப்பட்ட சிறு அடிகள் மிக அதிகமாகச் சேரும் இடம் முன்வரிசை.

தலையை முன்னே விட்டு எழும்பக் கற்றுக் கொடுத்த ஒரு தலைமுறைப் பயிற்றுவிப்பாளர்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். தெரியாமையால் சுமை குறையும், இல்லாமற் போகாது. சித்தாந்தத்தின் பளிங்கு உவமையின் இருண்ட பக்கமும் இதுவே. சார்ந்ததன் வண்ணமாகிறவனிடம், எதைச் சாரக் கொடுக்கிறோம் என்ற கேள்வி கொடுக்கிறவருடையது. வெப்ஸ்டருக்கு வலியைத் தாங்கப் பழக்கினார்கள். வலி எதைச் சொல்கிறது என்று கேட்கப் பழக்கவில்லை. அவர் மிக நன்றாகக் கற்றுக்கொண்டார். அதனால்தான் அவ்வளவு சேதம். பயிற்சியின் வெற்றியே ஒருவனை அழிக்கக் கூடும் என்பதை எந்த மரபும் இலேசாக எடுத்துக்கொள்ளலாகாது. மாணவனின் உடல் அவனுடைய முதுமைக்கும் வேண்டும். அதையும் சேர்த்துக் காண்பதுதான் காணும் உபகாரம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் கண்டது போதாது.

இன்று பயிற்சிகளில் முழு வேக மோதல்களுக்குத் தேசிய லீக்கில் வரம்பு இருக்கிறது. பல மாநிலங்களில் பள்ளிகளுக்கும் இருக்கிறது. தலையை விலக்கிக் கையால் தாங்கும் முறையைச் சிறுவர்களுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். போதுமா என்பது வேறு விவாதம். பழக்குகிறவர்கள் தம் கையின் நீளத்தை உணரத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற அளவில் அது நல்லது.

கரைவலையிலும் உடல் தேய்கிறது. இடுப்பும் முழங்காலும் முதலில் போகும். நாட்டின் பல கரைகளில் டிராக்டரில் பொருத்திய வின்ச் கயிறு சுற்றத் தொடங்கியபோது, அதனால் வேலை இழப்பவர்களின் எதிர்ப்பும், கடலடியைச் சுரண்டுகிறது என்ற குற்றச்சாட்டும் ஒருபுறம் எழுந்தன. ஆள் கிடைப்பதில்லை, இழுக்க இளைஞர்கள் வருவதில்லை என்ற நியாயம் மறுபுறம் எழுந்தது. இரண்டும் உண்மையான குரல்கள். இடுப்பு முறிய இழுத்த ஒருவர் தன் மகன் அந்தக் கயிற்றை இடுப்பில் கட்ட வேண்டாம் என்று நினைப்பதில் தவறில்லை. வின்சுக்கு அம்பா தேவையில்லை, பக்கத்திலிருப்பவரின் அடியை உணர வேண்டியதுமில்லை. இயக்குகிறவருக்கு அரைநாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அங்கே யாருடைய செயல் என்ற கேள்விக்கே இடமில்லை.

கண்டக்குழி இளைஞர்கள் சிலர் இப்போது அதே மணலில் வேறொரு கயிற்றைப் பிடிக்கிறார்கள். முதலில் வந்த வெளிநாட்டவரிடம் கைட் சர்ஃபிங் கற்றவர்கள் இன்று தாங்களே பயிற்றுவிப்பாளர்கள். முதல் நாட்களில் அவர்கள் மாணவரின் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மாணவர் அணிந்திருக்கும் இடுப்புப் பட்டையின் பிடியைக் கையில் பற்றிக்கொள்கிறார்கள். காற்று திடீரென்று இழுத்தால் மாணவரோடு சேர்ந்து அவர்களும் இழுபடுவார்கள். பட்டம் தலைக்கு மேல் நிலைத்து, மாணவரின் தோள் தளர்ந்து, முழங்கை மடங்கியதும், பின்னால் பற்றியிருக்கும் கை மெல்லப் பிடியைத் தளர்த்தும். விட்டுவிட்டேன் என்று உடனே சொல்வதில்லை. சில நிமிடம் அந்தக் கை பிடிக்கு ஓரங்குலம் தள்ளி, தொடாமல், தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது.